மஞ்சள் பட்ட தொப்பிகள்

சென்ற வாரம் கிணறு இறைத்த கதையோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரமும் அதே நறுவிலிக்குளத்துக் கிணற்றடிதான். போர் முடிந்து சனம் ஊருக்குத் திரும்பி, தகரக் கொட்டில்களில் இரண்டாவது மழையையும் பார்த்துவிட்ட காலம்.

நீலப் பிளாஸ்டிக் பேசின் ஒன்றுக்குள் வெள்ளைத் தொப்பிகள் கிடந்தன. முஸ்லிம் ஆண்கள் தொழுகைக்குப் போடுகிற தொப்பிகள். பருத்தி நூலில் நாங்களே கொக்கி ஊசியால் பின்னியவை. பேசினுக்கு முன்னால் என் தமையனின் மனைவி பரமேஸ் மச்சாள் குந்தியிருந்தாள். பார் சவர்க்காரத்தை வைத்து ஒரு தொப்பியின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஓரத்தில் ஒரு மஞ்சள் பொட்டு. தேய்க்கத் தேய்க்க அது போகவில்லை. சிவந்தது.

முதலில் செங்கல் நிறம். பிறகு வெற்றிலைச் சாறு நிறம். பேசினுக்குள் கிடந்த மற்றத் தொப்பிகளிலும் நுரை பட்ட இடமெல்லாம் ஒவ்வொரு பொட்டாகச் சிவந்துகொண்டு வந்தது. வெள்ளைத் துணியில் அந்த நிறத்தைக் கண்ட பழக்கம் எங்களுக்கு உண்டு.

"சறோ, இது ஏன் இப்பிடி வருது?" என்று மச்சாள் கேட்டாள். அவளுடைய குரல் அவ்வளவு சிறிதாகி நான் கேட்டதில்லை.

அன்று பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு கொண்டச்சியில் நிக்காஹ். மாப்பிள்ளைக்கும் அவன் வீட்டு ஆண்களுக்கும் போட்டுவிட வேண்டிய தொப்பிகள் அவை.

பின்பக்கம் பார்க்கிறவள்

யாருக்கு, ஏன் பின்னினோம் என்பதைச் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குத் திரும்புகிறேன்.

இளம் வயதில் நானாட்டானில் கன்னியாஸ்திரி ஒருவர் நடத்திய தையல் வகுப்பில் நான் படித்தேன். எனக்குப் பக்கத்து வாங்குப் பலகையில் இருந்தவள் றைஹானா. அவளுடைய வாப்பா அங்கே கருவாட்டுக் கடை வைத்திருந்தார். சொந்த ஊர் கொண்டச்சி. இரண்டு பேருக்கும் கொக்கி ஊசி பிடிக்கக் கற்றுத்தந்தது ஒரே கை. இரண்டு பேரும் திட்டு வாங்கியதும் ஒரே காரணத்துக்குத்தான். நூல் வால்.

பின்னல் முடிந்ததும் கடைசியில் ஒரு துண்டு நூல் தொங்கும். எங்கள் சிஸ்டருக்கு அதைக் கண்டால் ஆகாது. அதைத் தடித்த ஊசியில் கோத்து, பின்னலுக்குள் ஒரு பக்கமாக ஓட்டி, பிறகு வந்த வழியே கொஞ்சம் திருப்பி ஓட்டி, ஒட்ட வெட்டவேண்டும். ஒரு பக்கமாக மட்டும் ஓட்டினால் முதல் கழுவலிலேயே வால் வெளியே எட்டிப் பார்க்கும். சிஸ்டர் ஒரு நாளும் முன்பக்கத்தைப் பார்த்ததில்லை. வாங்கியவுடன் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்.

அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. கலியாண வீட்டில் சேலை கொடுத்தாலும் மடிப்பைத் திருப்பிப் பார்க்கிற ஆள் நான். எங்கள் பின்னல் குழுப் பெண்கள் எனக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரேயே அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அகதி முகாமில் இருந்தபோதுகூட நான் திருந்தவில்லை. யாரோ அனுப்பிய பழைய சுவெற்றரைப் பிரித்து நூல் எடுத்து, சைக்கிள் கம்பியைக் கல்லில் தேய்த்துக் கொக்கி வளைத்து, பக்கத்துக் கூடாரத்துக் குழந்தைக்குக் காலுறை பின்னினேன். வாங்க வந்த தாயை, வால் ஓட்டி முடியும் வரை வெயிலில் காக்க வைத்தேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சுற்றிலும் அவ்வளவு நடந்துகொண்டிருக்க, என் கையால் ஆகக்கூடிய ஒரே ஒழுங்கு அதுவாகத்தான் இருந்தது.

ஊருக்குத் திரும்பிய பிறகு, முன்பள்ளிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் அந்தக் கட்டடத்திலேயே நாலைந்து பெண்கள் கூடிப் பின்னத் தொடங்கினோம். போன் உறை, முடிப் பட்டி, குழந்தைத் தொப்பி, சாவியில் கொழுவுகிற பூ, மணிபேர்ஸ். பிறந்தநாளுக்கும் சாமத்தியச் சடங்குக்கும் கொடுக்க என்று சனம் தேடி வந்து வாங்கினார்கள்.

வானில் ஏறுகிற பெட்டி

றைஹானாவை நான் திரும்பக் கண்டது முருங்கன் சந்தியில். இடையில் இருபது வருடங்கள். முஸ்லிம் ஆட்களை இங்கிருந்து இயக்கம் வெளியேறச் சொன்ன அந்த நாட்களில் அவளும் போனவள். புத்தளத்துப் பக்கம் ஒரு குடியேற்றத்தில் கலியாணம் முடித்து, மகள் ஸபீனாவைப் பெற்று, புருஷனையும் அங்கேயே அடக்கம் செய்திருந்தாள். இப்போது வாப்பாவின் காணியைத் துப்புரவாக்க வந்திருக்கிறேன் என்றாள். காணி காடாகிக் கிடந்ததாம். கிணற்றின் சுற்றுக்கட்டை வைத்துத்தான் இன்னார் வளவு என்று அடையாளம் கண்டாளாம்.

பேசிக்கொண்டே என் தோளில் தொங்கிய பையை வாங்கித் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தி என்றும் பார்க்காமல் இரண்டு பேரும் நின்று அழுதோம்.

ஸபீனாவுக்கு மாப்பிள்ளை பேசியதும் அவள் நேரே என்னிடம்தான் வந்தாள். பையன் மேசன் வேலை. வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் என்பதால் முசலிப் பக்கம் வேலைக்குக் குறைவில்லை. கொண்டச்சியில் இருக்க அவனுக்குச் சம்மதம். கலியாணம் முடித்து மாப்பிள்ளை பெண் வீட்டோடு இருப்பதுதான் அவர்கள் வழக்கமும். தடையாக நின்றவர் பையனின் வாப்பா ஹாஜியார்.

அவரும் மன்னார்த் தீவில் பிறந்தவர்தான். வெளியேறிய அன்று உடுத்த சாரத்தோடு கடலோரமாக நடந்து போனவர். அன்று அடுத்த வீட்டுத் தமிழ்ச் சனத்தில் ஒருவரும் வாசல் படலையைத் திறந்து போயிட்டு வாங்கோ என்று சொல்லவில்லை, அவர்களுக்கு மத்தியில் என் பிள்ளையை எப்படி விடுவது என்று றைஹானாவிடம் கேட்டிருக்கிறார். அது பொய் என்று நான் சொல்லமாட்டேன். பயத்தில் எல்லாப் படலைகளும் சாத்திக் கிடந்த நாள் அது.

கடைசியில் ஹாஜியார் இப்படி முடித்திருக்கிறார். நிக்காஹ் கொண்டச்சியில் வேண்டுமானால் நடக்கட்டும். சாப்பாடு முடிந்ததும் பையனும் பெண்ணும் எங்களோடு புத்தளத்துக்கு வானில் ஏறவேண்டும். பெண்ணின் பெட்டி முன்கூட்டியே வானில் ஏறிவிட வேண்டும்.

றைஹானாவுக்கு ஒரே மகள். ஸபீனா போனால் காட்டுக்கு நடுவில் தகரக் கொட்டிலில் அவள் தனியாக இருக்க முடியாது. அவளும் போகவேண்டியதுதான். அந்தக் கிணறு திரும்பவும் தூர்ந்துபோகும்.

தொப்பிகள் அவளுடைய யோசனை. "வார ஆம்பிளையளுக்கெல்லாம் உங்கட கையால தொப்பி போடவேணும், சறோ. அந்த மனிசன் தலையில வச்சுப் பாக்கட்டும். நாங்க பேச ஏலாத கதையை அது பேசட்டும்" என்றாள்.

அவ்வளவையும் எங்கள் நூல் உருண்டைகளின் மேல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

மச்சாளின் மஞ்சள்

தொப்பி பின்னுவது பெரிய வித்தை இல்லை. உச்சியில் ஒரு சின்ன வளையத்தில் தொடங்கி, வட்டம் வட்டமாகச் சுற்றி அகட்டிக்கொண்டு போய், தலை அளவு வந்ததும் அகட்டுவதை நிறுத்தி நேரே இறக்கவேண்டும். கஷ்டம் முடிப்பில்தான். கடைசிச் சுற்று தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சந்திக்கும்போது ஒரு படி மாதிரித் தெரியும். அதை மறைக்கத் தெரிந்தால்தான் தொப்பி தொப்பி. பிறகு ஐதான சோற்றுக்கஞ்சியில் தோய்த்து, உருவம் விழக் காயவிடவேண்டும். எங்களிடம் தலை அச்சு இல்லை. முன்பள்ளிப் பிள்ளைகளின் பந்துகள் இருந்தன. சிவப்பும் பச்சையுமான பந்துகளுக்குத் தொப்பி மாட்டி வாங்கில் வரிசையாக வைத்தோம்.

முதல் நாள் பின்னேரம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஒரு வால்கூட இல்லை. மாப்பிள்ளையின் தொப்பியில் மட்டும் ஓரத்தில் சின்னச் சின்னச் சிப்பி மாதிரி ஒரு கரை வைத்திருந்தோம். அதைப் பின்னியவள் பரமேஸ் மச்சாள். அவளுடைய கை இறுக்கம். அவள் பின்னினால் ஓட்டைகள் அச்சடித்த மாதிரி ஒரே அளவில் இருக்கும்.

மச்சாளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். புதிதாக எது வந்தாலும் அவளுக்கு மஞ்சள் வைத்தாகவேண்டும். புதுச் சேலைக்குக் கரையில் மஞ்சள் வைப்பது எல்லோரும் செய்வதுதான். மச்சாள் அதோடு நிற்கமாட்டாள். மண்வெட்டிக்கு வைத்தாள். கூரைக்கென்று தந்த தகரத்துக்கு வைத்தாள். தமையன் வாங்கிய பழைய சைக்கிள் தனக்குப் புதிது என்று அதன் மணிக்கும் வைத்தாள். அண்ணா அவளைக் கேலி செய்யாத நாள் இல்லை. அவள் காதில் போட்டுக்கொண்டதும் இல்லை.

நிக்காஹ் அன்று விடிய எழும்பி, தலை தோய்ந்து, சாமிப் படத்துக்கு விளக்கு வைத்துவிட்டு, அதே கையோடு முன்பள்ளியைத் திறந்து தொப்பி ஒவ்வொன்றின் உள்ஓரத்திலும் மஞ்சள் வைத்திருக்கிறாள். மாப்பிள்ளையின் தொப்பிக்கு நல்ல தாராளமாக, பெருவிரல் நிறைய.

பெட்டியில் அடுக்கும்போது வழக்கம்போலத் திருப்பினேன். கண்டேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்பது எனக்கு ஞாபகம் இல்லை. அவர்களுக்கு மஞ்சள் வைக்கிற வழக்கம் இல்லை, அதுவும் தொழுகிற தொப்பியில், அதுவும் அந்த மனிதனின் கைக்குப் போகிற தொப்பியில், நாங்கள் எங்கள் சாமி காரியத்தை ஒளித்து வைத்துக் கொடுத்தோம் என்றுதானே நினைப்பார் என்று கத்தியிருப்பேன். மச்சாள் பெட்டியோடு தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள்.

அதன் பிறகு நடந்ததுதான் நான் முதலில் சொன்னது.

முகில்

புதிதாகப் பின்னலாம் என்றால் நேரமும் இல்லை, வெள்ளை நூலும் ஒரு முழம்கூட மிச்சமில்லை. குழுவில் ஒருத்தி தேசிக்காய் பிழியலாம் என்றாள். வேலியோரத்து மரத்தில் இருந்த காயெல்லாம் பிடுங்கிப் பிழிந்தோம். புளி பட்டதும் சிவப்பு அடங்கித் திரும்ப மஞ்சளானது. கும்பிட்ட தெய்வத்துக்கெல்லாம் நன்றி சொன்னேன். மஞ்சள் என்றால் வெயில் பார்த்துக்கொள்ளும். மஞ்சள் சேலையை வெயிலில் காயப்போட்டு நிறத்தைத் தொலைக்காத பெண் யார்?

ஓலைப்பாயைத் தகரக் கூரைக்கு மேல் விரித்துத் தொப்பிகளைப் புறந்திருப்பிப் போட்டோம். வெயில் நன்றாகத்தான் இருந்தது. ஒரு பொட்டு, இரண்டு பொட்டு என்று வெளுக்கவும் தொடங்கியது. அப்போது பார்த்துக் கடல் பக்கமிருந்து முகில் ஏறியது.

வேறு எந்த நாளில் என்றாலும் வயலுக்கு நல்லது என்று சந்தோசப்பட்டிருப்போம். அன்று நான் வானத்தைப் பார்த்துத் திட்டினேன். ஒருத்தி ஏணியில் நின்றபடி இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வெயில் எட்டிப் பார்க்கும், திரும்ப மறையும். மச்சாள் மட்டும் கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து, மாப்பிள்ளையின் தொப்பியை மடியில் வைத்துத் திரும்பத் திரும்பத் தேசிக்காய்ப் புளி விட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு முதுகு காட்டி நின்றேன். அவ்வளவு கோபம் எனக்கு.

உச்சி சாய்ந்ததும் இறக்கிப் பார்த்தோம். மற்றவற்றில் மஞ்சள் போய்விட்டது. தெரிந்துவைத்துத் தேடினால் ஒழியத் தெரியாது. மாப்பிள்ளையின் தொப்பியில் போகவில்லை. பெருவிரல் அளவு மஞ்சள் உள்ஓரத்தில் அப்படியே இருந்தது. அதைச் சுற்றி மண் நிறத்தில் ஒரு வளையம். சிப்பிக் கரையின் ஓட்டைகள் வழியாக முன்பக்கத்துக்கும் ஊறியிருந்தது.

அதையும் பெட்டியில் வைத்தேன். வேறு என்ன செய்ய?

பந்துகளோடு ஒரு பயணம்

கழுவியதில் கஞ்சி எல்லாம் போய், தொப்பிகள் நனைந்த பப்படமாகத் தொய்ந்துவிட்டன. திரும்பக் கஞ்சியில் தோய்த்தோம். காய நேரமில்லை. ஆகவே பந்துகளோடேயே ஓட்டோவில் ஏற்றினோம். பின்சீற்றில் நானும் மச்சாளும். மடியிலும் காலடியிலும் தொப்பி போட்ட பந்துகள். காற்றில் காயட்டும் என்று இரண்டு பக்கத் திரையையும் சுருட்டிக் கட்டினோம். எதிரே லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வந்தவன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

அருவியாறு தாண்டும்வரை நான் மச்சாளின் பக்கம் திரும்பாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோதனைச்சாவடியில் மறித்தார்கள். இளம் சிப்பாய் ஒருவன் எட்டிப் பார்த்தான். தொப்பி போட்ட பந்துகளை அவன் அதற்கு முன் கண்டிருக்க மாட்டான். இறங்கச் சொன்னான். பந்துகளை அமுக்கிப் பார்த்தான். பெட்டியைத் திறந்து, தனியாக வைத்திருந்த மாப்பிள்ளையின் தொப்பியை இரண்டு விரலால் தூக்கி, கறையைச் சுற்றியிருந்த மண் நிற வளையத்தைக் காட்டி என்னவென்று சிங்களத்தில் கேட்டான். காய்ந்த இரத்தத்தின் அந்த நிறம் அவனுக்கும் தெரிந்த நிறம்தான். முகம் மாறியது.

"கஹ" என்றாள் மச்சாள். மஞ்சளுக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். முகாமில் பங்கு வாங்கப் போய்ப் பழகிய சொல்.

அவன் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மணந்து பார்த்தான். பிறகு சிரித்து, கையைக் காட்டிப் போகச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிப்பாய் கண்ட கறையை ஹாஜியார் காணாமல் விடுவாரா என்ற யோசனைதான் ஓடியது.

மாப்பிள்ளைக்கு எங்கே

கொண்டச்சியில் றைஹானாவின் வளவு வாசலில் வெள்ளை வான் நின்றது. அதன் கூரையில் பச்சை நிறப் பெட்டி ஒன்றைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஸபீனாவின் பெட்டி. வந்து இறங்கியதும் முதல் வேலையாக ஹாஜியார் அதைக் கட்டுவித்துவிட்டாராம்.

றைஹானாவைக் குசினிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். கறையைப் பார்த்தாள். புரியாணிச் சட்டியின் புகை கண்ணில் பட்டதுபோலக் கண்களை மூடிக்கொண்டாள். மற்றத் தொப்பிகளைக் கொடுப்போம், இதைப் பெட்டிக்குள்ளேயே விடு, மாப்பிள்ளையிடம் சொந்தத் தொப்பி இருக்கிறது, ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்றாள். நானும் சரி என்றேன்.

முற்றத்தில் தறப்பாளின் கீழ் பாய் விரித்து ஆண்கள் இருந்தார்கள். சர்பத் கொடுத்தார்கள். கலியாணத்துக்கென்று வந்திருந்த றைஹானாவின் தம்பி தொப்பிகளைத் தட்டில் வைத்துக் கொண்டுபோய் ஒவ்வொருவருக்கும் கொடுத்தான். அவர்கள் மெல்லப் பாராட்டுவது கேட்டது. ஒருவர் தான் போட்டிருந்ததைக் கழற்றிவிட்டு இதைப் போட்டுக்கொண்டார். நாங்கள் பெண்கள் கொட்டில் வாசலில் நின்று பார்த்தோம்.

ஹாஜியார் உயரமான மனிதர். வெள்ளைத் தாடி. தொப்பியைக் கையில் வாங்கினார், போடவில்லை. திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. ஓரத்தை விரலால் தடவி, வால் தேடி, இல்லை என்று கண்டு, மடியில் வைத்தார். பிறகு தட்டைப் பார்த்தார். தட்டு வெறுமையாக இருந்தது.

"மாப்பிளைக்கு எங்க?" என்று கேட்டார்.

றைஹானாவின் தம்பி எங்களைப் பார்த்தான். றைஹானா என்னைப் பார்த்தாள். அளவு பிழைத்துப்போச்சு, பிறகு தருகிறோம் என்று நான் சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தினேன். எல்லோருக்கும் கொடுத்து மாப்பிள்ளைக்கு மட்டும் கொடுக்காமல் விட்டால் அதற்கு என்ன அர்த்தம் எடுப்பார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எனக்குப் பக்கத்தில் நின்ற மச்சாளைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால் சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு, அந்தத் தொப்பியை இரண்டு கைகளிலும் ஏந்தி, ஆண்கள் இருந்த பக்கம் நடந்துகொண்டிருந்தாள். கூப்பிடக்கூட எனக்குத் தோன்றவில்லை. பாயின் ஓரத்தில் நின்று ஹாஜியாரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கினார். முன்பக்கத்தில் ஊறியிருந்ததைக் கண்டார். திருப்பினார். கறையைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"இது என்ன?"

"மஞ்சள், ஹாஜியார். நான்தான் வச்சனான். அவைக்குத் தெரியாது. கழுவிப் பாத்தம், போகேல்லை."

"எங்களுக்கு இந்த வழக்கம் இல்லையெண்டு தெரியாதா?"

"தெரியும்" என்றாள் மச்சாள். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: "கலியாணத்துக்குக் குடுக்கிற சாமான். மஞ்சள் வைக்காமக் குடுத்தா அது பிறத்தியாற்ற பிள்ளைக்குக் குடுக்கிற மாதிரி. ஸபீனாவுக்கும் அவளின்ர மாப்பிளைக்கும் அப்பிடிக் குடுக்க எனக்கு மனம் வரேல்லை. அவை எங்கட பிள்ளையள்."

றைஹானா என் முழங்கையைப் பிடித்திருந்தாள். அந்த இடம் அடுத்த நாளும் நோகிற அளவுக்குப் பிடித்திருந்தாள்.

ஹாஜியார் அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா, வேறு ஏதாவதா என்று சொல்ல முடியாத முகம். பிறகு மகன் பக்கம் திரும்பி அதை நீட்டினார். மகன் வாங்கித் தலையில் வைத்தான். மச்சாளின் இறுக்கமான கை பின்னியது என்றாலும் அளவு சரியாகத்தான் இருந்தது. ஹாஜியார் எழும்பினார். எல்லோரும் எழும்பிப் பள்ளிவாசலுக்கு நடந்தார்கள்.

வானின் மேல் பெட்டி கட்டியபடி இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு

பள்ளிவாசல் என்பதும் தகரம் அடித்த ஒரு கொட்டில்தான். அங்கே ஓதுவது காற்றில் துண்டு துண்டாகக் கேட்டது. நாங்கள் கொட்டிலுக்குள் ஸபீனாவைச் சுற்றி இருந்தோம். பட்டுச் சேலையும் முக்காடுமாக இருந்த பிள்ளை நாங்கள் பின்னிக் கொடுத்த ரோஸ் நிற மணிபேர்ஸை மடியில் வைத்துத் திறந்து திறந்து பூட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு மனதோடு கலியாணம் கட்டுகிற பெண்ணைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே போய்ச் சட்டிகளோடு நின்றேன்.

மச்சாள் அங்கே கிடாரத்துக்குப் பக்கத்தில் சும்மா நின்றாள். நான் அவளிடம் போய்ப் பக்கத்தில் நின்றேன். என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. நான் பின்பக்கம் பின்பக்கம் என்று எத்தனை வருடம் பார்த்திருப்பேன்? அந்தப் பொட்டை மச்சாள் எதற்காக வைத்தாள் என்று அன்று காலை ஒரு வார்த்தை அவளிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

நிக்காஹ் முடிந்து வந்தார்கள். சாப்பிட்டார்கள். ஹாஜியாரும் சகன் தட்டைச் சுற்றி மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டு நேரே வானுக்குப் போனார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். றைஹானா கொட்டிலின் கப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகளை அனுப்பிவைக்க முகத்தைத் துடைத்துத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

வானின் கதவைத் திறந்த ஹாஜியார் ஏறாமல் நின்றார். பிறகு திரும்பி எங்கள் பக்கம் வந்தார். றைஹானாவைத் தாண்டி வந்து மச்சாளுக்கு முன்னால் நின்றார்.

"எங்கட பிள்ளையள் எண்டு சொன்னீங்க."

மச்சாள் ஓம் என்றாள்.

"அண்டைக்கு நாங்க போகேக்குள்ள ஒரு படலையும் திறக்கேல்லை, மகள். நான் அதை மறக்கமாட்டன்." அவருடைய தாடி ஆடியது. "இவையள இஞ்ச விட்டிட்டுப் போறன். நாளைக்கு ஏதும் ஒண்டெண்டா, முதல் திறக்கிறது உங்கட படலையா இருக்கவேணும்."

என் மச்சாள் கைகள் இரண்டையும் கூப்பினாள். பிறகு இவர்களுக்கு அப்படிக் கும்பிடலாமோ என்று பயந்து பாதியில் இறக்கினாள். ஹாஜியார் தலையை ஆட்டிவிட்டுச் சாரதியிடம் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்.

பெட்டி இறங்கியது. மாப்பிள்ளை அந்தக் கறை பட்ட தொப்பியோடு ஓடிவந்து அதைத் தூக்கப் போனான். றைஹானா அவனை விடவில்லை. தானே தூக்கி, தலையில் வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வான் புறப்படுகிற சத்தத்துக்குக்கூடத் திரும்பிப் பார்க்காமல் மகளின் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுபோனாள்.